நர்ஸ் ரூமில் நான் எழுதிய தலைவலிகள்

பனியன் கம்பெனியில் நர்ஸ் வேலையும் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சத்தம் போடாமல் ஓடினால் போதும், ஏன் சத்தம் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கழுத்துவலி, இடுப்புவலி, தோள்வலி என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நம்பிப் போக ஒரு டாக்டர் கிடைக்கமாட்டாரா என்று அலைந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே பெஞ்சில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். நான் அலைந்தது என் வலிக்காக அல்ல. ஜெபமணி என்ற டெய்லருக்காக. அலைந்த கதையைச் சொன்னால் சிரிப்பும் வரும், எனக்கு மட்டும் வராது.

கசங்காத விரிப்பு

எனக்குச் சொந்த ஊர் குன்னத்தூர். உதவி நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணமாகித் திருப்பூர் வந்து, அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் ஆள் அனுப்பி, கம்பெனியில் முதலுதவி அறை இருக்கிறதா, அதில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அந்தப் புண்ணியத்தில் கிடைத்த வேலை. இரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரு மருந்து அலமாரி, ஒரு நோட்டு. பையர் அனுப்புகிற ஆடிட் எந்த நேரமும் வரும், விரிப்பு கசங்கக் கூடாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அந்த விரிப்பைக் காவல் காத்தேன்.

ஜெபமணி வந்தது இரண்டாவது வாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பேட்லாக் டெய்லர். டீ-சர்ட்டின் கீழ்மடிப்பையும் கை மடிப்பையும் தைக்கிற மெஷின் அது. முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தால் மணி அடித்தால்தான் நிமிர முடியும். புருஷன் இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா, நாலு வருஷ நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவள் படித்து முடிக்கிறவரைக்கும் மெஷினில் உட்கார்ந்தால் போதும், அப்புறம் இந்தக் கழுத்து இருந்தால் என்ன, போனால் என்ன என்று வந்தவுடனே சொன்னாள். பத்து நிமிஷம் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் விரிப்பைப் பார்த்தேன். நான் போய் ஊசி போட்டுவிட்டு வருவதற்குள் (கட்டிங் செக்ஷனில் ஒருவருக்கு விரல் கிழிந்திருந்தது) ஆளைக் காணோம். குனிந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில், வெறும் தரையில் மல்லாந்து கிடக்கிறாள். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"விரிப்பக் கலைக்கல சிஸ்டர். கீழ எடம் சும்மாத்தான கெடக்கு."

புதன்கிழமை டாக்டர்

கம்பெனிக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு வருவார், காப்பி குடிப்பார், நோட்டில் கையெழுத்துப் போடுவார். வரிசையில் பதினைந்து பேர் நின்றால் காப்பி ஆறுவதற்குள் பதினைந்து பேரும் வெளியே இருப்பார்கள். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஜெபமணி தன் முறை வந்ததும் கழுத்திலிருந்து ஆரம்பித்து, தோள்பட்டை வழியாக விரல் நுனி வரைக்கும் வலி எப்படி இறங்குகிறது என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினாள். தோள்பட்டைக்கு வருவதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டார். குனிந்து செய்கிற வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"வேலைய மாத்தச் சொன்னாவல்லா, எந்தக் கம்பெனின்னு எழுதிருக்காவளான்னு பாக்கேன்."

பேர் சொல்லாத ஊசி

அடுத்ததாக யாரோ சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஊசி டாக்டரிடம் போக ஆரம்பித்தாள். வாசலில் செருப்புக் கூட்டத்தைப் பார்த்தாலே கைராசிக்காரர் என்று தெரிந்துவிடும். போய்விட்டு வந்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பாட்டுப் பாடிக்கொண்டு தைப்பாள். வியாழக்கிழமை வலி திரும்ப வந்துவிடும். சனிக்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்புவாள். மறுபடி ஞாயிறு. இப்படியே ஐந்தாறு மாதம். முகம் உருண்டு பளபளப்பாக ஆனது. நன்றாகத் தேறிவிட்டாள் என்று அவளோடு தைக்கிற லைனில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

நான் மட்டும் சந்தோஷப்படவில்லை. படிக்கும்போது பார்த்திருக்கிறேன், அது தேறிய முகம் இல்லை, ஸ்டீராய்டு ஏறிய முகம். ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். என்ன மருந்து போடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சிரிஞ்சை எடுத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்:

"பேரச் சொல்லிப்போட்டா நீங்களே போட்டுக்குவீங்க. அப்புறம் நான் எதுக்குங்க?"

பதினோரு அம்புகள்

ஊசியை நிறுத்தவைத்தேன். இனி நல்ல டாக்டர் தேடுவது என் பொறுப்பு என்று வாயை விட்டுவிட்டேன். கோயம்புத்தூரில் பெரிய எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஆனால் ஒருவருக்கு இரண்டு நிமிஷம்தான் என்று கேள்விப்பட்டோம். இரண்டு நிமிஷத்தில் எந்தெந்த இடம் என்று சொல்லி முடிக்க முடியாதே என்று ஜெபமணிக்குக் கவலை. ஆண் டாக்டரிடம் தொட்டுக் காட்டவும் கூச்சம். எங்கள் செக்கிங் செக்ஷன் பெண்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், எந்த இடம் என்று தெரிவதற்காகச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வேலை. கிளம்புகிற அன்று ஜெபமணியைத் திரும்பி நிற்கவைத்து, வலிக்கிற இடமெல்லாம் கேட்டுக் கேட்டு ஒட்டிவிட்டார்கள். ரவிக்கையின் முதுகில், பிடரியில், தோளில், முழங்கை வரைக்கும். பஸ்ஸில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாயாமல் கோயம்புத்தூர் வரை வந்தாள்.

டாக்டர் முந்தானையை விலக்கச் சொன்னார். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டு, அழுத்தி, எண்ணினார். பதினோரு அம்பு. இத்தனை நாளில் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். ஸ்கேன் எடுத்தோம். கழுத்தெலும்பு நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் ஆறு மாதம் மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார். இரண்டுமே முடியாது, மகள் படிப்பு பாதியில் நிற்கும் என்றாள். இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் ஸ்கேன் கவரை அவள் கையில் கொடுத்தபோது முகம் நன்றாக இல்லை.

"நீங்க தைக்கற துணியில ஒரு ஓட்டை இருந்தா ரெண்டாந்தரம்னு செகண்ட்ஸ்ல போட்டுடுவீங்க. உங்கள எதுல போடறதுன்னு எனக்குத் தெரியலைங்கம்மா."

மேனேஜரின் யோசனை

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். அலமாரியில் வலி மாத்திரை இருந்தது. காலையில் ஒன்று கொடுத்தால் சாயங்காலம் டீ வரைக்கும் தாங்கும். டீக்கு இன்னொன்று கொடுத்தால் ஷிப்ட் முடிகிற வரைக்கும் தாங்கும். டாலர் விலை இறங்கி முதலாளிகள் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஷிப்மெண்ட் தவறினால் லைனையே மூடுவார்கள் என்று பேச்சு. ஜெபமணிக்கு மட்டும் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கொடுத்ததை ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன். பேர், நேரம், எத்தனை மாத்திரை, எதற்காக. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒருநாள் மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவரும் மோசமானவர் இல்லை, யாரையும் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை. குரலை இறக்கித்தான் சொன்னார்.

"ஏனுங்க சிஸ்டர், பக்கம் முச்சூடும் கழுத்து வலி, முதுகு வலின்னே இருக்குதுங்களே. ஆடிட்காரங்க பாத்தா ஸ்டூல் சரியில்லீங்களா, டார்கெட் அதிகமுங்களான்னு ஆரம்பிப்பாங்க. தலைவலின்னு எழுதிப்போடுங்க. தலைவலி யாருக்குத்தானுங்க இல்ல?"

எனக்குக் கிடைத்த பட்டம்

எழுதினேன். ஜெபமணி, தலைவலி. ஜெபமணி, தலைவலி. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவளைப் பார்த்துக்கொண்டே அதை எழுதுவதற்கு முதல் வாரம் கை கூசியது. இரண்டாவது வாரம் கூசவில்லை. ஆடிட் வந்தது, நோட்டைப் பார்த்தார்கள், பதிவேடு மிக நேர்த்தி என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

டாக்டர் தேடுவதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். உடுமலையில் ஒருவர், பல்லடத்தில் ஒருவர் என்று யாராவது பேர் சொன்னால், அடுத்த மாதம் போவோம் என்று நானே தள்ளிப்போட்டேன். மாத்திரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. மகள் இரண்டாம் வருஷம் முடித்து மூன்றாம் வருஷம் போனாள். ஜெபமணி பரீட்சை மார்க்கையெல்லாம் என்னிடம்தான் முதலில் சொல்வாள். லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இந்தக் கழுத்துவலிக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று அவளைக் கேட்டபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நம்ம சிஸ்டர் இருக்கையில வெளிய எதுக்குட்டீ டாக்டரத் தேடுத?"

காற்றில் தைத்த டீ-சர்ட்

ஜெபமணி ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். பழையது காலை இறுக்கிப் பிடிக்கிறது என்றாள். பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்து அப்படியே நின்றது. அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. செக்கிங்கில் வேலை பார்த்த கணியூர்ப் பெண் ஒருத்தி, தங்கள் ஊரில் ஒரு லேடி டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். உடுமலையில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். சின்ன கிளினிக். வயதான அம்மா. எங்கே வலி என்று கேட்கவில்லை, என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டு, மெஷின் இருப்பதாக நினைத்துக்கொண்டு தைத்துக் காட்டச் சொன்னார். ஜெபமணி குனிந்து, வலது காலால் பெடலை மிதித்து, இரண்டு கையாலும் இல்லாத துணியை நகர்த்தினாள். நான் எழுந்து நிறுத்தப் போனேன். ஒரு பீஸ் முடியட்டும் என்றார் டாக்டர். முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். தேடித் தேடி அலைந்த ஆள் இவர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு காலைப் பார்த்தார், கண் இமையைப் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் தயாராகத்தான் போயிருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். பொறுமையாகப் புரட்டினார். இரண்டு வருஷமாகவா இவருக்குத் தலைவலி என்று நிமிர்ந்து என்னைக் கேட்டார். ஜெபமணி தனக்குத் தலைவலியே கிடையாது என்றாள் வெள்ளந்தியாக. அவளுக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. நான் சொல்லிவிட்டேன். மேனேஜர் சொன்னது, நான் எழுதியது, டிபன் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும். அந்த அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கங்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

"காரணத்தப் பொய்யா எழுதிப்போட்டீங்க. எண்ணிக்கையவாவது நெசமா எழுதிருக்கறீங்களே. இப்ப எனக்கு அதுதான் வேணும் கண்ணு."

பஸ்ஸில்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. தினமும் இரண்டு வேளை தின்ற வலி மாத்திரைதான் காரணம் என்றும், இனி ஒரு மாத்திரைகூடக் கூடாது என்றும், மாத்திரை இல்லாமல் இந்தக் கழுத்தோடு அந்த மெஷினில் உட்காரவே முடியாது என்றும் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெபமணி கைகூப்பினாள். இன்னும் ஒரு வருஷம்தான், மகள் படிப்பு முடிந்துவிடும், அதுவரைக்கும் ஏதாவது செய்யுங்கள் என்றாள். சிறுநீரகம் ஒரு வருஷம் காத்திருக்காது என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். மடத்துக்குளம் தாண்டியதும் சொன்னேன். உன்னை இப்படி ஆக்கியது நான்தான். ஊசிக்காரரிடமிருந்து உன்னைப் பிடித்து இழுத்து வந்து அதே வேலையை நான் செய்தேன். அவர் மருந்தின் பேரைச் சொல்லவில்லை, நான் வலியின் பேரை மாற்றி எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். உடுமலை பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவள் சொன்னாள்.

"நீங்க தராட்டா மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கித் தின்னுருப்பேன் சிஸ்டர். வலிக்கின்னு சொன்ன ஒடனே நம்புனது நீங்க ஒருத்திதான்."

மூணாவது லைன்

ஜெபமணி வேலையை விட்டாள். நான் மேனேஜரிடம் போய், பேட்லாக் லைனுக்கு முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். ஒரு லைனுக்குப் போட்டால் எல்லா லைனும் கேட்கும் என்று வருத்தமாகச் சொன்னார். அன்றிலிருந்து நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: கழுத்து வலி, முதுகு வலி, கை மரத்துப் போதல். என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த ஆடிட்டில் வந்தவர் நோட்டைப் பிரித்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிட்டு மூடிவைத்தார். ஒரு வரி படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூணாவது லைனில், ஜெபமணி உட்கார்ந்த அதே மெஷினில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். கடைசி வருஷம் படிக்கப் போகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும், வீட்டுக்குச் சம்பளமும் வேண்டும். அம்மா மாதிரியே சீக்கிரம் கை ஓட்டம் வந்துவிட்டது என்று சூப்பர்வைசர் பாராட்டினார். ஐந்தாவது மாதம் ஒருநாள் மத்தியானம் அவள் நர்ஸ் ரூம் வாசலில் வந்து நின்றாள். இடது கையால் பிடரியை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் அலமாரி பக்கம் போகவில்லை. நோட்டை எடுத்து அவள் பேரையும் கழுத்து வலி என்பதையும் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மனப்பாடம் செய்து வந்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னாள்:

"மாத்திரை வேண்டாம் சிஸ்டர். அம்மாவக் கூட்டிட்டுப் போன டாக்டர்கிட்ட என்னையும் நீங்களே கூட்டிட்டுப் போவீங்களாம். அம்மா சொல்லிவிட்டா."

நம்பிக்கையான டாக்டரைத் தேடி அலைகிற என் சக நோயாளிகளே, கணியூருக்கு எங்கே ஏறி எங்கே மாறவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நம்பி உட்கார ஒரு நாற்காலி எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.